ஆபத்துக்கு முந்தைய ஆண்டுகள்

மனச்சிதைவு நோயாளி மருந்தை நிறுத்துவது பெரும்பாலும் ஓசையில்லாமல் நடக்கிறது. மாத்திரை நாக்கின் அடியில் ஒதுங்கி, பிறகு கழிவறைக்குப் போகிறது. சில வாரங்களில் சன்னலில் செய்தித்தாள் ஒட்டப்படுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இருமினாலும் அது தனக்கான சைகையாகத் தோன்றுகிறது. சிங்கப்பூரின் செங்காங் போன்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நகரில் ஒரே சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழ்வதால், ஒருவரின் நோய் விரைவிலேயே ஒரு மாடியின் கவலையாகிறது. இக்கருத்தரங்கின் பொருள் அந்த மாடியில்தான் தொடங்குகிறது. நீதிமன்றத்துக்கு அது வந்து சேர்வது வெகு தாமதமாக.

மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. சிகிச்சை பெறாத கடும் மனநோயுடன் குடியோ போதைப்பொருளோ சேரும்போது அபாயம் கூடுகிறது. சிங்கப்பூரின் 2016 மனநல ஆய்வின்படி ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு மனநோய் வந்திருக்கிறது. அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் உதவி நாடியதே இல்லை.

முதல் காரணம் வெட்கம். 1928இல் இயோ சூ காங்கில் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை 1951இல் ‘உட்பிரிட்ஜ்’ ஆனது. அந்தப் பெயரே ஏச்சுச் சொல்லாகிவிட்டது. 1993இல் செங்காங்கை ஒட்டிய புவாங்கோக்குக்கு இடம் மாறி மனநலக் கழகம் என்று பெயர் பெற்ற பிறகும் ஏச்சு முற்றாக ஒழியவில்லை. தமிழ்க் குடும்பங்களில் கண்ணேறு கழிப்பதும் மந்திரிப்பதும் முதலில் வருகின்றன. அடுத்து, “கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்” என்ற அறிவுரை. இதில் கெடுவது இரண்டு வாழ்க்கைகள்.

இரண்டாவது காரணம் இன்னும் சிக்கலானது. நீரிழிவுக்காரர் மாத்திரையைத் தவிர்த்தாலும் தனக்கு நோய் உண்டென்பதை அறிவார். மனச்சிதைவிலோ அந்த உணர்வையே பலரிடமிருந்து நோய் பறித்துவிடுகிறது. அப்படிப்பட்டவரிடம் “ஏன் மருந்து சாப்பிடவில்லை” என்று பொறுப்புக் கேட்பது எந்த அளவுக்கு நியாயம்?

குற்றவியல் சட்டம் செயல் நடந்த கணத்தையே பார்க்கிறது. மெக்காலேயின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து நீரிணைக் குடியேற்றங்கள் வழியே வந்த சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, அக்கணத்தில் சித்தம் பிறழ்ந்திருந்தவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. ஆனால் உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை. பொறுப்பு ஓரளவு மட்டும் குறைந்திருந்தால் கொலைக் குற்றம் மரணம் விளைவித்த குற்றமாகச் சுருங்கும். 2021 ஜூலையில் பள்ளி ஒன்றில் சக மாணவரைக் கொன்ற பதின்ம வயதினரின் மனச்சோர்வு இவ்வாறே ஏற்கப்பட்டது. எனினும் 2023இல் அவருக்கு 16 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

குற்றம் நடப்பதற்கு முன்பே தலையிடுவது 2008 மனநலச் சட்டத்தின் வேலை. அதன் 7ஆம் பிரிவின்படி காவல்துறை ஒருவரை மருத்துவரிடம் கொண்டுசெல்ல, முன்பு ஆபத்து உடனடியாக நிகழவிருக்க வேண்டும் என்று பொருள்கொள்ளப்பட்டது. கத்தி கையில் ஏறும்வரை குடும்பம் காத்திருக்க வேண்டிய நிலை அது. 2024 திருத்தத்துக்குப் பின், ஆபத்து நேரக்கூடும் என்பதற்கு நியாயமான காரணம் இருந்தாலே போதும். மனநலக் கழகத்தில் ஒருவரைத் தடுத்துவைக்க, முதலில் 72 மணி நேரம், பின்னர் ஒரு மாதம், அதன் பின் ஆறு மாதம் என ஒவ்வொரு படியிலும் புதிய மருத்துவ முடிவு தேவை. திருத்தம் அவசியமானதே. ஆனால் அண்டை வீட்டாரின் எரிச்சல் ஆபத்தாக வேடமிட்டு வராமல் பார்த்துக்கொள்வது இனிக் காவலரின் நிதானத்தைப் பொறுத்தது.

பாதுகாப்பு என்ற பெயரில் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டின் ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே கூரைக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் மாண்டனர். அதே 2001இல் சிங்கப்பூர் மனநலக் கழகம், மனநோயை முதல் அறிகுறிகளிலேயே கண்டறியும் திட்டத்தைத் தொடங்கியது.

இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. கூடவே, வயது வந்த எவரும் நோயுற்றால் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், வேண்டாம், யார் தமக்காக முடிவெடுக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வழி செய்தது. தெளிவாக இருக்கும் நாளில் எழுதப்படும் அந்தத் தாள், மாத்திரை நாக்கடியில் ஒதுங்கும் நாளில் குடும்பத்தின் கையில் இருக்கும். அத்தகைய ஏற்பாடு சிங்கப்பூருக்குப் பொருந்துமா என்பதே முதல் அமர்வின் வினா.