ஆங்கிலம் பயில்வார்க்கு அளவுச் சொற்களும் நிபந்தனை வாக்கியங்களும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் ஆங்கில வாக்கியங்களைப் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். நம் மாநிலத்து அரசினர் பள்ளிகளில் 1968-ஆம் ஆண்டு தொட்டுத் தமிழ், ஆங்கிலம் என்னும் இரு மொழிகளே பயிற்றப்பட்டு வருகின்றன. ஆயினும், ஆண்டுகள் பல ஆங்கிலம் பயின்ற நம் பிள்ளைகளுட் பலர், உத்தியோகத்தின்பொருட்டு நேர்முகத்திற்குச் செல்லுங்கால் நான்கு வாக்கியம் பேச நாவெழாது நிற்கின்றனர். இதனைக் கண்டு மனம் நொந்த பெற்றோர் சிலர், தமிழை விட்டொழித்தால் ஆங்கிலம் தானே வருமென்று கருதி, வீட்டிலும் தமிழ் நூல்களை மூடிவைக்கின்றனர். இஃது ஏணியை எறிந்துவிட்டு மாடியேற முயல்வதை ஒக்கும். இரு மொழிகளும் எவ்விடத்து ஒத்துச் செல்கின்றன, எவ்விடத்துப் பிரிகின்றன என்பதை அறிந்து, பிரியுமிடத்தில் மிகுதியாக அப்பியாசம் செய்தலே நேர்வழி. இதனை இரண்டு பகுதிகளைக் கொண்டு விளக்குவேன்.

முதலாவது, அளவுச் சொற்கள். எண்ணத்தக்க பொருளுக்கு 'மெனி', 'ஃப்யூ' என்பனவும், எண்ணாது அளக்கத்தக்க பொருளுக்கு 'மச்', 'லிட்டில்' என்பனவும் ஆங்கிலத்தில் வரும். இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதியதன்று. 'சில மாம்பழம்' என்போம்; 'சில பால்' என்று எவரும் கூறார்; 'சிறிது பால்' என்பதே வழக்கு. 'கொஞ்சம்', 'நிறைய' என்னும் பேச்சுவழக்குச் சொற்கள் இரண்டிடத்தும் வருதலால் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது. ஆதலின், ஐயுறும் பிள்ளை அச்சொல்லின்முன் 'சில' என்பதை இட்டுப் பார்க்கட்டும். பொருந்தினால் 'ஃப்யூ', பொருந்தாவிடின் 'லிட்டில்'. இவ்விதிக்கு அடங்காத சொற்களும் சில உண்டு. அறிவுரைகள், செய்திகள், நாற்காலி மேசை முதலிய தட்டுமுட்டுகள் ஆகியவற்றை நாம் எண்ணுகிறோம். ஆங்கிலேயரோ 'அட்வைஸ்', 'நியூஸ்', 'ஃபர்னிச்சர்' என்பவற்றை எண்ணுவதில்லை. இத்தகையவற்றைத் தனியே எழுதி மனனம் செய்தல் வேண்டும்.

இனி, 'ஃப்யூ' என்பதற்கும் 'எ ஃப்யூ' என்பதற்கும், அவ்வாறே 'லிட்டில்' என்பதற்கும் 'எ லிட்டில்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டிற் பலர் இடறுகின்றனர். கூட்டத்திற்குச் 'சிலர் வந்தனர்' என்றால் மகிழ்ச்சி. 'சிலரே வந்தனர்' என்றால் குறை. நாம் ஏகாரம் சேர்த்துக் காட்டும் குறையை அவர்கள் 'எ' என்னும் ஓரெழுத்தை நீக்கிக் காட்டுகின்றனர். விண்ணப்பத்தில், தனக்கு ஓரளவு அனுபவம் உண்டென்று எழுதக் கருதிய இளைஞன் அவ்வோரெழுத்தை விட்டானாயின், அனுபவம் இல்லையென்றே தன் கையால் எழுதிக் கொடுத்தவனாவான். படிப்பவர் அவனை அழைத்து விளக்கம் கேட்கப்போவதில்லை.

இரண்டாவது, நிபந்தனை வாக்கியங்கள். 'விடுமுறை கிடைத்தால் வருவேன்' என்னும் ஒரு வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். கிடைக்கும்போதெல்லாம் வருவது வழக்கமாயின், 'இஃப் ஐ கெட் லீவ், ஐ கம்' என்க. இம்முறை கிடைக்கக்கூடும் என்னும் நம்பிக்கை உண்டாயின், 'இஃப் ஐ கெட் லீவ், ஐ வில் கம்' என்க. கிடைப்பது அரிதென்று எண்ணினால், 'இஃப் ஐ காட் லீவ், ஐ வுட் கம்' என்க. விடுமுறை கிடையாமற் காலமும் கடந்துவிட்டதாயின், 'இஃப் ஐ ஹேட் காட் லீவ், ஐ வுட் ஹேவ் கம்' என்க.

எதிர்காலச் செயலாயிற்றே என்று 'இஃப்' என்பதன் பின்னும் 'வில்' சேர்ப்பது நம் பிள்ளைகளிடம் காணும் பிழை. 'கிடைத்தால்' என்னும் தமிழ்ச்சொல்லை நோக்குக. 'கிடைத்தது' என்பதிலுள்ள இறந்தகாலக் குறியே அதனுள்ளும் நிற்கிறது, பொருளோ எதிர்காலம். காலக்குறி வேறு, கருதிய காலம் வேறு என்பதை நம் மொழியே காட்டுகிறது. இதனை உணர்ந்தவனுக்கு, மூன்றாம் வகையில் 'காட்' என்னும் இறந்தகால உருவம் வருதலும் வியப்பாகாது.

நான்காம் வகை நமக்கு எளிது. 'கிடைத்திருந்தால் வந்திருப்பேன்' என ஈரிடத்தும் 'இரு' என்பது வருமானால், ஆங்கிலத்திலும் 'ஹேட்', 'வுட் ஹேவ்' என ஈரிடத்தும் துணைவினை வரும். இடர் மிக்கது மூன்றாம் வகையே. இரண்டாம் வகைக்கும் இதற்கும் தமிழில் வினை ஒன்றே. நம்பிக்கையோ ஐயமோ என்பதைக் கேட்பவர் இடம்நோக்கி உணர்ந்துகொள்கின்றனர். ஆங்கிலத்திலோ வினையே அதனைச் சொல்லிவிடும். வருவது அரிதென்று கூறக் கருதியவன் 'வில்' என்று கூறினால், கேட்பவர் அவன் வரவை எதிர்பார்த்திருப்பர். பின்னர்ச் சொல் தவறியவன் என்னும் பழி அவனைச் சேரும். ஆதலின் பயிற்சியிற் பாதியை இம்மூன்றாம் வகைக்கே செலவிடுக.

'அன்லெஸ்' என்பதைப் பற்றியும் ஒரு சொல். 'வராவிட்டால்' என்பதிற் போல இதனுள் எதிர்மறை அடங்கியிருக்கிறது. மறுபடியும் 'நாட்' சேர்த்தால் பொருள் தலைகீழாகும்.

தாய்மார்களே! இப்பயிற்சிக்குப் பெரும்பொருள் செலவிடல் வேண்டா. அரிசி, உப்பு, முட்டை, எண்ணெய் என அடுக்களையிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி, 'மெனியா, மச்சா' என்று வினவுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. 'சில' பொருந்துமா என்று நீங்களே தமிழில் ஆராயலாம். இரவில் உணவுக்குப் பின் கால்மணி நேரம், அன்று நிகழ்ந்த ஏதேனும் ஒன்றைத் தமிழில் 'ஆல்' ஈற்று வாக்கியமாகக் கூறி, அதனை நான்கு வகையாக ஆங்கிலத்தில் மாற்றச் செய்யுங்கள். வாய்விட்டுச் சொல்லுதல் முக்கியம். ஏட்டில் எழுதியது மட்டும் நேர்முகத்தில் நாவிற்கு வாராது. பிழைபட்டால் நகையாதீர்கள். நகைப்புக்கு அஞ்சிய பிள்ளை பின்னர் வாய் திறப்பதேயில்லை. பெண்மக்களையும் இப்பயிற்சியில் ஒருங்கே அமர்த்துங்கள்.

அன்பர்களே! ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்கு உத்தியோகத்தின் வாயிலைத் திறக்கட்டும். அதற்காகத் தமிழின் வாயிலை அடைத்தல் வேண்டா.