காது மந்தமானவங்களும் நம்ம உறுப்பினர்தான்

நான் பத்தாவதோட நின்னவள். வீட்டில் மாமியாரோட பேசிப் பழகியதில் தெரிஞ்சதைச் சொல்றேன்.

நம்ம ஒவ்வொரு குழுவிலும் வயசான அம்மாக்கள் இருக்காங்க. தீர்மானம் வாசிக்கும்போது தலையாட்டிட்டுக் கைநாட்டு வைப்பாங்க. வீட்டுக்குப் போற வழியில, "என்னடி முடிவு பண்ணாங்க?"ன்னு கேட்பாங்க. எங்க ஊர்ல ஒரு அம்மாவுக்குப் பேங்க் கடன்ல தன் பங்கு எவ்வளவுன்னு முதல் தவணை கட்டும்போதுதான் தெரிஞ்சது. முன்னாடியே கேட்டிருக்கலாமேன்னா, "ரெண்டாந்தரம் கேட்டா சிரிக்கிறாளுங்க தாயி"ன்னாங்க.

60 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல இந்தக் குறை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வயசானா முதல்ல கீச்சுச் சத்தம்தான் கேட்காமப் போகும். பேச்சில் ச, த மாதிரி எழுத்துகள் நழுவிடும். சட்டி கேட்டா தட்டு வரும்! குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. தனியா பேசினா புரியும், பத்துப் பேர் நடுவில் புரியாது. இதைத்தான் நாம "வேணுங்கிறது மட்டும் நல்லா கேட்குது"ன்னு குறை சொல்றோம்.

கத்தினா சத்தம் கூடுமே தவிர வார்த்தை தெளியாது. கத்துற முகம் திட்டுற முகமாத்தான் அவங்களுக்குத் தெரியும். டிவியை நிறுத்திட்டு, எதிர்ல உட்கார்ந்து, நம்ம முகத்துல வெளிச்சம் படுற மாதிரி நிதானமா பேசணும். புரியலைன்னா வேற வார்த்தையில சொல்லிப் பாருங்க.

காதுல அழுக்கு அடைச்சிருந்தாலும் கேட்காது. அதுக்குக் கொண்டை ஊசி, காய்ச்சின எண்ணெய் எதுவும் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்க. திடீர்னு ஒரு காது கேட்காமப் போனா அன்னைக்கே போகணும். குறை 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினா, காதுமிஷினுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மிஷின் வந்ததும் பாத்திரச் சத்தமே இடி மாதிரி இருக்கும். அதனால பல பேர் பீரோவுல வச்சுப் பூட்டிடறாங்க. தினம் கொஞ்ச நேரம் போட்டுப் போட்டுத்தான் பழகும்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துல இருந்து இந்த அம்மாக்களை வாசிக்கிறவங்க எதிரிலேயே உட்கார வைப்போம். கையெழுத்து வாங்குமுன் தொகையைப் பெரிசா எழுதிக் காட்டுவோம். படிக்கத் தெரியாதவங்களுக்குக் கிட்டப் போய்ச் சொல்லி, "எவ்வளவும்மா?"ன்னு கேட்டு, அவங்க வாயால சொன்ன பிறகு மை தடவுவோம். இதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிடுங்க அக்கா.