கேட்கும் துணிவு



துன்பத்தைத் தாண்ட எது உதவியது என்று மாணவிகள் என்னிடம் கேட்பார்கள். விடாமுயற்சி என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது நான் ஒன்பதாம் ஆண்டு மாணவி. கையில் அரிசிப் பை, புத்தகங்கள் வீட்டில். சாவகச்சேரியில் மரநிழலில் வகுப்புத் தொடங்கியபோது என்னிடம் ஒரு கொப்பிகூட இல்லை. சொல்ல வெட்கப்பட்டு இரண்டு வாரம் பின்வரிசையில் சும்மா இருந்தேன். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். அவள் தன் கொப்பியின் கம்பியைக் கழற்றி, எழுதாத தாள்களில் பாதியைத் தந்தாள். ஜாம் போத்தல் விளக்கில் அவளுடைய குறிப்புகளைப் பார்த்து எழுதினேன்.

உயர்தரத்தில் முதல் தடவை இரசாயனவியல் காலை வாரியது. ஆசிரியையிடம் போய், "எனக்கு விளங்கேல்லை, ரீச்சர்" என்றேன். அடுத்த தடவை மருத்துவபீடம் கிடைத்தது.

இன்று என் வாட்டில் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்வதும் இதுதான்: தெரியாவிட்டால் நள்ளிரவிலும் என்னைக் கூப்பிடுங்கள். நீங்கள் கேட்காமல் விட்டால் ஆபத்து நோயாளிக்கு.

தங்கைமாரே, கேட்பது குறையல்ல. பழைய மாணவிகளே, கேட்கும் பிள்ளைக்கு உங்கள் கொப்பியில் பாதியைக் கொடுங்கள்.