மலைப்பாதையில் துவிச்சக்கர வண்டி



ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் சென்றவர்கள், தேயிலைச் சரிவுகளின் குறுக்கே கோடு கிழித்தாற்போல் ஓடும் மண்பாதைகளைக் கண்டிருப்பீர்கள். அப்பாதைகளில் துவிச்சக்கர வண்டி ஓட்டுவதற்கென்றே இன்று உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் வருகின்றனர். அவ்வகைப் பயணத்தைப் பற்றிச் சில கூற விழைகிறேன்.

மலையில் வண்டி ஓட்டுவது ஒரு விளையாட்டாக வளர்ந்தது 1970களில், அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே. பழைய கனத்த வண்டிகளில் இளைஞர்கள் மலைச்சரிவில் விரைந்து இறங்கினர். அங்கு 1976இல் தொடங்கிய பந்தயமொன்றில், ஒருமுறை இறங்கியதுமே பின்சக்கரத் தடையிலுள்ள கிரீஸ் வெந்து புகைந்துவிடும்; மறுபடியும் அடைக்க வேண்டும். ஆதலின் 'மறுபடி அடைத்தல்' என்னும் பொருளில் 'ரீபேக்' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. ஏறுவதற்கு வலிமை வேண்டும். இறங்குவதற்கோ நிதானம் வேண்டும். பிரேக்கை இடைவிடாது அழுத்தினால் அது சூடேறிப் பிடி தளரும். முடக்கு வருமுன்னரே வேகத்தைக் குறைத்து, உடலின் பாரத்தைப் பின்னே தாழ்த்துவதே முறை.

தோட்டங்களில் பாதை இருவகைப்படும். கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட பின்னரும் அமைந்த வண்டிப்பாதைகள் மலையை வளைந்து வளைந்து மெல்ல ஏறுவன. லயத்திலிருந்து மலைக்கு நேரே ஏறும் குறுக்குப்பாதைகளோ, கால்நடையாகச் செல்வோரின் கால்கள் வகுத்தவை. முன்னதில் வண்டி ஓடும்; பின்னதில் வண்டியை மனிதன் தூக்க நேரும். பாதையைக் குறுக்கறுக்கும் கான்களும் பாசி படர்ந்த கற்களும் இரண்டிலும் உண்டு.

காலமறிந்து செல்வதும் அவசியம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்தை நனைக்கும். அக்காலத்தில் மலைத்தொடருக்கு அப்பால், ஊவாவில் வெயில் காய்வதுண்டு. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், குளிரால் விறைத்த விரல்கள் பிரேக்கைப் பிடிக்கத் தடுமாறும். மழை விட்ட பின்னரும் மண் சரியலாம். கரை இடிந்திருக்கக் கண்டால் திரும்பிவிடுவது கோழைத்தனமன்று.

அறியாத பாதையில் வரைபடத்தைவிடச் சிறந்த துணை, கொழுந்தெடுக்கும் பெண்களே. "அக்கா, இந்தப் பாதை எங்கே போகும்?" என்று இறங்கி நின்று கேளுங்கள். "கொஞ்சத் தூரந்தான் தம்பி" என்பார்கள். நாள்தோறும் பாரம் சுமந்து ஏறுவோருக்குக் கொஞ்சத் தூரமாவது, நமக்கு ஒரு மணி நேர ஏற்றமாகலாம்! கூடையுடன் வருவோருக்கு வழிவிட்டு ஒதுங்குவதும் வண்டியோட்டியின் கடனாகும்.

கண்டி அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல பகுதிகளைத் தொட்டு, நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ டிரெயில்' எனும் நெடும்பாதை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கும் மேல் நீள்கிறது. பெரிதும் நடையாளருக்கென வகுக்கப்பட்டதாயினும், அதன் பல பகுதிகளில் வண்டியும் செல்லும். அதற்காகப் புதிதாக மலை வெட்டப்படவில்லை. பழைய தோட்டப்பாதைகளே இணைக்கப்பட்டன. அவற்றை வெட்டிய கைகள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருடையவை.

குண்டும் குழியுமான பாதை வண்டியோட்டிக்கு இன்பம் தரும். ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டிறங்குவதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்வதும் அதே பாதையில்தான். நமக்கு ஒருநாள் வீரமாவது, அவர்களுக்கு அன்றாட இடர். ஆகவே அங்கு செல்பவர்கள், மலையழகைப் பேசுமிடத்தில் பாதையின் நிலையையும் சேர்த்துப் பேச வேண்டும். தோட்டத்துத் தேநீர்க் கடையில் இறங்கி ஒரு கோப்பை தேநீர் அருந்தி, அவ்வூராருக்கும் தங்கள் வருகையால் ஒரு சிறு பயன் விளையுமாறு செய்தல் வேண்டும்.