கதிரவனை அளந்த கண்ணும் ராடாரைக் கேட்ட செவியும்



துறவி வேடம் பூண்டு ஒற்றறிவதைத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் பேசுகிறது. விண்வெளி யுகத்தின் தொடக்கத்திலேயே அவ்வேடத்தை ஒரு துணைக்கோள் பூண்டது. அவ்வரலாற்றை இன்று நாம் காண்போம்.

1960 ஜூன் 22 அன்று, கேப் கனாவரலிலிருந்து தோர் ஏபிள்-ஸ்டார் ராக்கெட் இரு துணைக்கோள்களைச் சுமந்து எழுந்தது. அவற்றுள் ஒன்று, கப்பல்களுக்கு வழிகாட்டும் டிரான்சிட் 2ஏ. மற்றொன்று, அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் உருவாக்கிய சோல்ராட் 1. பின்னது கதிரவனை ஆராயும் கோள் என உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே உருண்டைக்குள், சோவியத் வான்காப்பு ராடார்களின் துடிப்புகளைப் பற்றித் தரைக்கு அனுப்பும் கிராப் என்னும் கருவியும் ஒளிந்திருந்தது.

அதன் தேவையை நாம் எளிதில் உணரலாம். ராடார் அலை நேர்கோட்டில் செல்வது. புவியின் வளைவால், எல்லைக்கு வெளியே நின்று உள்நாட்டு ராடார்களைக் கேட்க இயலாது. மேலே பறந்து சென்ற யு-2 விமானமோ மே 1 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. நான்கு நாள் கழித்து, இக்கோளை ஏவ அதிபர் ஐசன்ஹோவர் இசைவளித்தார்.

வேடமாக அமைந்த அறிவியலும் மெய்யானதே. கதிரவன் சீறும்போது வெளிப்படும் ஊடுகதிர்களே வானொலித் தொடர்பைக் குலைக்கின்றன என்பதைச் சோல்ராட் 1 உறுதிப்படுத்தியது.

தொடர்ந்து வந்தவை பெரும்பாலும் தோல்விகளே. 1960 நவம்பர் 30 அன்று ஏவிய ராக்கெட்டின் முதற்கட்டம் உரிய நேரத்திற்கு முன்பே அணைந்தது. சிதைவுகள் கியூபாவில் விழுந்தன. பசுவொன்று மாண்டதாக அந்நாடு முறையிட்டது. 1961 ஜூன் 29 அன்று சென்ற சோல்ராட் 3, உடன் சென்ற இன்ஜன் கோளிலிருந்து பிரியாமல் ஒட்டிக்கொண்டபோதும் தன் கடமையைச் செய்தது. 1962 ஜனவரியிலும் ஏப்ரலிலும் ஏவியவை சுற்றுப்பாதையை எட்டவில்லை. ஆக, ஐந்தில் இரண்டே வெற்றி.

ஒற்றறிந்த செய்தி 1998ஆம் ஆண்டில்தான் வெளியிடப்பட்டது. முப்பத்தெட்டு ஆண்டுகள் அறிவியல் நூல்கள் கூறியவை உண்மை. ஆயினும் பாதி உண்மை. ஆகவே, ஒரு கருவி என்ன கண்டது என்பதோடு, யார் பொருட்டு, எத்தேவைக்காக அனுப்பப்பட்டது என்றும் வினவுவோமாக. அவ்வினாவை வகுப்பறையில் எழுப்புதல் நம் கடமையாகும்.