நுரை வராத ஃபேஸ் வாஷ் வேலை செய்யுமா?

இந்த வாரம் ஜாவா இல்லை, அப்ரைசல் புலம்பலும் இல்லை. முகம் கழுவுறதைப் பத்திப் பேசப் போறோம். சிரிக்காதீங்க, கேட்டது நீங்கதான். போன மாசம் வந்த வாய்ஸ் நோட்ஸ்ல நாலஞ்சு பேர் வேற வேற வார்த்தையில ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தீங்க. ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவின உடனே முகம் இழுத்துப் பிடிக்குது. மத்தியானம் எண்ணெய் வழியுது. மூக்கு ஓரத்துல தோல் உரியுது. அப்போ எனக்கு ஆய்லி ஸ்கின்னா, டிரை ஸ்கின்னா?

ரெண்டும் ஒரே முகத்துல இருக்கலாம். எண்ணெய் சுரக்கிறது ஒரு வேலை. தோலோட மேல் அடுக்கு தண்ணியைப் பிடிச்சு வைக்கிறது இன்னொரு வேலை. முதல் வேலை அமோகமா நடக்கும்போதே ரெண்டாவது படுத்துடலாம். நாம எண்ணெயை மட்டும் பார்க்கிறோம், இன்னும் ஸ்ட்ராங்கான ஃபேஸ் வாஷ் வாங்குறோம், தோல் இன்னும் உரியுது.

நான் தோல் டாக்டர் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடுறேன். ஆனா ஒரு பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு தோண்டிப் பார்க்கிற வியாதி இன்ஜினியர்களுக்கு உண்டு. அதனால நுரையில இருந்து ஆரம்பிப்போம்.

நுரைங்கிறது காத்து. மெல்லிய தண்ணிப் படலத்துக்குள்ள அடைபட்ட காத்து, அவ்வளவுதான். அழுக்கை எடுக்கிறது சர்ஃபாக்டன்ட்னு சொல்ற மூலக்கூறு. அதோட ஒரு முனை தண்ணியோட ஒட்டும், இன்னொரு முனை எண்ணெயோட ஒட்டும். எண்ணெயைச் சுத்தி வளைச்சுத் தூக்கிக்கிட்டு தண்ணியோட போயிடும். சில சர்ஃபாக்டன்ட் நிறைய நுரைக்கும், சிலது நுரைக்கவே நுரைக்காது. எவ்வளவு நுரை வருதுன்னு பார்த்து எவ்வளவு அழுக்கு போச்சுன்னு கணக்குப் போட முடியாது. சந்தேகம் இருந்தா வீட்டுல ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷினைப் பாருங்க. அதுக்குன்னு விக்கிற டிடர்ஜென்ட் நுரையே குறைவா வர்ற மாதிரி செஞ்சது. சட்டைக் காலர் அழுக்கு போகத்தான் செய்யுது.

இப்போ தோல். மேலாக இருக்கிற அடுக்கு ஏ4 தாளைவிடப் பல மடங்கு மெலிசு. அதுல செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். நடுவுல சிமென்ட் மாதிரி செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் இருக்கும். உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகாம இருக்கிறதும், வெளியே இருக்கிற எரிச்சலூட்டுற பொருள் உள்ளே வராம இருக்கிறதும் இந்தச் சிமென்ட்டாலதான். பிரச்சினை என்னன்னா, சர்ஃபாக்டன்ட்டுக்கு வேலச்சேரி டிராஃபிக்ல ஒட்டின பிசுக்குக்கும் இந்தச் சிமென்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டும் எண்ணெய் வகைதான். ஸ்ட்ராங்கான சர்ஃபாக்டன்ட் ரெண்டையும் இழுக்கும், செல்லுக்குள்ள இருக்கிற புரதத்தையும் விடாது. கழுவினதும் முகம் இறுக்கமா இருக்கே, அது இந்தச் சேதாரத்தோட முதல் அறிகுறி. அதைத்தான் நாம ‘ஃப்ரெஷ்’னு நம்பிக்கிட்டு இருக்கோம்.

ரெண்டாவது விஷயம் பி.எச். தோல் மேற்பரப்பு லேசா அமிலத்தன்மை உள்ளது, ஏறக்குறைய 4.5-லிருந்து 5.5 வரைக்கும். இதை 1928-லயே ஷாடே, மார்கியோனினின்னு ரெண்டு ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் ‘அமிலப் போர்வை’ன்னு பேர் வச்சு எழுதிட்டாங்க. சாதாரண சோப்போட பி.எச். 9-லிருந்து 10. பி.எச். லாக் அளவுகோல்ங்கிறதை மறந்துடாதீங்க. 5.5-க்கும் 9.5-க்கும் வித்தியாசம் நாலு இல்லை, 10,000 மடங்கு. செராமைடு தயாரிக்கிற என்சைம்கள் அமிலச் சூழல்லதான் ஒழுங்கா வேலை பார்க்கும். ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்துல தன் நிலைக்குத் திரும்பிடும். ஆனா ஒரு நாளைக்கு நாலு தடவை சோப்பு போட்டா, அது திரும்புறதுக்குள்ள அடுத்த தடவை வந்துடுது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். சோப்பு உறையில டி.எஃப்.எம். 76 சதவீதம்னு பார்த்துட்டு மைல்டு சோப்புன்னு நினைக்கிறவங்க நிறைய பேர். அது சோப்புல எவ்வளவு கொழுப்புப் பொருள் இருக்குங்கிற தர அளவு. முதல் தரச் சோப்பும் காரத்தன்மை உள்ள சோப்புதான். பார்தான் வேணும்னா சின்டெட் பார்னு ஒரு வகை இருக்கு. பார்க்கச் சோப்பு மாதிரி, ஆனா சோப்பு இல்லை. சோடியம் கோக்கோயில் ஐசெதியோனேட் மாதிரி மென்மையான சர்ஃபாக்டன்ட்ல செய்றது.

சரி, வில்லன் யாரு? எல்லாரும் கை காட்டுறது எஸ்.எல்.எஸ்., அதாவது சோடியம் லாரில் சல்ஃபேட். அதுல நியாயம் இருக்கு. தோல் ஆராய்ச்சியில வேணும்னே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்கணும்னா ஆய்வுக்கூடங்கள்ல பயன்படுத்துற பொருளே இதுதான். ஆனா பேரை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீங்க. தோல் டாக்டர்கள் வருஷக்கணக்கா எழுதிக் கொடுத்த செட்டாஃபிலோட பழைய ஃபார்முலாவுலயும் எஸ்.எல்.எஸ். இருந்தது. கொஞ்சமா, கூடவே கொழுப்பு ஆல்கஹால்களோட. எவ்வளவு இருக்கு, கூட யார் இருக்காங்க, எவ்வளவு நேரம் முகத்துல நிக்குதுங்கிறதுதான் கணக்கு.

நம்ம ஊர்ல இன்னொரு கணக்கும் உண்டு: தண்ணி. ஓ.எம்.ஆர். பக்கம் பி.ஜி.யில இருக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். குழாய் வாயில வெள்ளையாப் படியுதே, அந்த உப்புதான். உப்புத் தண்ணியில இருக்கிற கால்சியம் சோப்போட சேர்ந்தா கரையாத பிசுக்கா மாறும், பக்கெட் ஓரத்துல ஒட்டுறது அதுதான். சோப்பு இல்லாத ஃபேஸ் வாஷ் போட்டாலும் முழுசாத் தப்பிக்க முடியாது. கடினத் தண்ணியில கழுவினா எஸ்.எல்.எஸ். தோல்ல அதிகமாத் தங்குதுன்னு இங்கிலாந்துல ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துல சோதிச்சுப் பார்த்திருக்காங்க. நம்ம ஆளுங்க நுரை வரலைன்னு இன்னும் ரெண்டு பம்ப் சேர்த்து அழுத்துவாங்க. வேண்டாம். ஒரு பம்ப் போதும், அலசுறதை நல்லா அலசுங்க. முடிஞ்சா கடைசி ஒரு மக் கேன் தண்ணி.

இது அழகு விஷயம் மட்டும்னு நினைச்சா விட்டுடலாம். என் ரூம்மேட் கதையைக் கேளுங்க. பயங்கர முகப்பரு. ஒரு வருஷமா டீம் மீட்டிங்ல கேமராவே ஆன் பண்ணலை. டாக்டர் ராத்திரி போடச் சொல்லி அடாபலீன் ஜெல் கொடுத்தார். பத்து நாள்ல முகம் எரியுது, சிவக்குது, நிறுத்திட்டான். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ஆரம்பிச்சான், மறுபடி நிறுத்தினான். “இந்த மருந்து எனக்கு ஒத்துக்கலடா”ன்னு முடிவே பண்ணிட்டான். மூணாவது தடவை போனப்போ வேற ஒரு டாக்டர், “முகம் எதைப் போட்டுக் கழுவுறீங்க?”ன்னு கேட்டாராம். நல்லா நுரைக்கிற சாலிசிலிக் ஃபேஸ் வாஷ், நாளைக்கு மூணு தடவை. ஞாயித்துக்கிழமை ஸ்க்ரப். அவர் அந்த ரெண்டையும் நிறுத்தி, நுரை வராத ஒரு கிளென்சரும் மாய்ஸ்சரைசரும் எழுதிக் கொடுத்தார். ஜெல் அதேதான், பட்டாணி அளவு. இந்த மருந்து வேலை செய்யவே ரெண்டு மூணு மாசம் ஆகும். இந்தத் தடவை அவனால அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க முடிஞ்சது. கிளென்சர் பருவைக் குணப்படுத்தலை. மருந்து வேலை செய்றதுக்கு இடம் விட்டது.

அதிகமாக் கழுவினா தோல் கோவிச்சுக்கிட்டு இன்னும் எண்ணெய் சுரக்கும்னு ஒரு பேச்சு இன்ஸ்டாகிராம் முழுக்க ஓடுது. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. எண்ணெய்ச் சுரப்பியை நடத்துறது முக்கியமா ஹார்மோன். முகம் வறண்டு கிடக்கும்போது அது மேல வர்ற எண்ணெய் நல்லாத் தெரியுது, அவ்வளவுதான்.

வாங்கும்போது என்ன பார்க்கலாம்? பாட்டில் முன்பக்கம் இருக்கிற ‘ஜென்டில்’ங்கிற வார்த்தையை விட்டுட்டுப் பின்பக்கம் திருப்புங்க. ஒரு சதவீதத்துக்கு மேல இருக்கிற பொருட்களை அளவு இறங்குவரிசையிலதான் எழுதணும். தண்ணிக்கு அடுத்ததா கிளிசரின், செட்டைல் ஆல்கஹால் மாதிரி பேர் வந்தா நல்லது. ஆல்கஹால்னு பயப்படாதீங்க, அது மெழுகு மாதிரி ஒரு பொருள், வறட்சி பண்ணாது. கோகமிடோபுரொப்பைல் பீட்டெய்ன், டெசைல் குளுக்கோசைடு எல்லாம் கொஞ்சம் நுரைக்கும், ஆனா பொதுவா மென்மையான ரகம். சென்னை வேர்வைக்கு நுரையே இல்லாத லோஷன் வகை பிசுபிசுன்னு இருக்குன்னு தோணினா, இந்த லேசா நுரைக்கிற ஜெல் வகைக்குப் போகலாம், தப்பே இல்லை. வாசனை சேர்த்தது வேண்டாம். விலை பார்த்து மயங்காதீங்க. முகத்துல அரை நிமிஷம் இருந்துட்டு வடிகால்ல போற பொருளுக்கு வைட்டமின் சி எதுக்கு?

அம்மா சொல்ற கடலை மாவு? எண்ணெயை உறிஞ்சும், சரிதான். காய்ஞ்ச பிறகு தேய்ச்சு எடுக்கிறோமே, ஏற்கெனவே உரியுற தோலுக்கு அது ஆகாது. நல்ல தோலா இருந்தா அம்மாகிட்ட வம்பு வேண்டாம்.

ராத்திரி ஒரு தடவை கிளென்சர் கட்டாயம், சன்ஸ்கிரீனும் தூசியும் போகணும். ஜிம்முக்கோ கிரிக்கெட்டுக்கோ போய் வேர்த்தா இன்னொரு தடவை. தோல் வறண்டவங்களுக்குக் காலையில வெறும் தண்ணியே போதும். வெந்நீர் வேண்டாம். துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க. ரெண்டு மூணு வாரம் இப்படி இருந்துட்டு, கழுவினப்புறம் எதுவும் போடாம பத்து நிமிஷம் சும்மா இருந்து பாருங்க. இறுக்கம் இல்லைன்னா பொருள் உங்களுக்குச் சரி. அதுக்கப்புறமும் எரிச்சல், செதில் இருந்தா, அது எக்ஸிமாவோ செபோரிக் டெர்மடைட்டிஸோ இருக்கலாம். மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஏதோ ஒரு டியூப் வாங்காம டாக்டரைப் பாருங்க. அந்த டியூப்ல ஸ்டீராய்டு இருந்து முகம் கெட்டுப்போனவங்க நிறைய.

அடுத்த எபிசோடு சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30-க்கும் 50-க்கும் என்ன வித்தியாசம்னு ஏற்கெனவே ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. வேற கேள்வி இருந்தா வியாழக்கிழமைக்குள்ள வாய்ஸ் நோட் அனுப்புங்க.