மண்ணில் புதைந்த ஏடு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புதைபொருள் ஆராய்ச்சி அறிஞர்களின் வேலை. அதில் நமக்கென்ன பங்கு என்று பலர் கருதுகின்றனர். பொதுமக்களின் துணையின்றி அவ்வாராய்ச்சி ஓர் அடியும் முன்னேறாது என்பதே இன்று நான் சொல்ல விழைவது.

கீழடியின் பெயரைக் கேட்டவுடன் நம் நெஞ்சம் நிமிர்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே வைகைக் கரையில் நகர வாழ்வு தழைத்திருந்தது என 2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அறிவித்தபோது மகிழாத தமிழர் இல்லை. ஆனால், அந்த இடம் எவ்வாறு அகப்பட்டது? கிணறு தோண்டியபோது கிடைத்த பழம்பொருள்களை மாணவர் கொண்டுவந்து காட்ட, பள்ளி ஆசிரியர் ஒருவர் அவற்றின் அருமையறிந்து உரியவர்களுக்குத் தெரிவித்தார். இது நடந்தது 1970-களில். பின்னர், மத்தியத் தொல்லியல் துறையினர் வைகையின் இரு கரைகளையும் ஊர் ஊராகச் சுற்றி, 293 இடங்களைக் குறித்துக்கொண்டனர். அவற்றுள் கீழடியைத் தேர்ந்தெடுத்து, 2015-ஆம் ஆண்டில் அமர்நாத் இராமகிருஷ்ணா தலைமையில் அகழத் தொடங்கினர். தென்னந்தோப்புக்கு உரிய குடியானவர்கள் இசைந்திராவிடில் மண்வெட்டி நிலத்தில் பட்டிருக்குமா? கண்டெடுத்த பொருள்களுக்கு 2023-இல் கீழடியிலேயே காட்சிச்சாலையும் அமைந்தது. முதலில் வட்டாரம் முழுவதையும் பார்த்தல், பிறகு தேர்ந்த இடத்தில் தோண்டுதல், இறுதியில் கண்டதை ஊராருக்கே காட்டுதல்: முறையான திட்டம் என்பது இதுவே.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ரயில்வேயில் ஊழியம் செய்யும் நான் அதை மறைத்தல் தகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே இருப்புப்பாதை அமைத்தனர். தண்டவாளத்தின் அடியில் கொட்ட ஜல்லி வேண்டியிருந்தது. அருகே ஹரப்பாவில் மேடு மேடாகச் சுட்ட செங்கற்கள் கிடந்தன. ஏறத்தாழ 100 மைல் தூரத்துப் பாதைக்கு அவை ஜல்லியாயின என்று கன்னிங்ஹாம் துரை எழுதி வைத்தார். 1921-இல் தயாராம் சாஹ்னி அங்கே அகழ்ந்த பின்னரே, 1924-இல் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். அதற்குள் எத்தனையோ வீடுகளும் சுவர்களும் பொடியாகிவிட்டன. கொட்டியவர்கள் கொடியவர்கள் அல்லர். இன்னது என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை, அவ்வளவே.

இனி நாம் வாழும் இந்த நாகபுரிக்கு வருவோம். காட்டோல் சாலை வழியே செல்வோர் ஜுனாபாணி என்னும் ஊரைக் கடந்திருப்பர். அங்கே ஏறத்தாழ 300 கல்வட்டங்கள் உள்ளன. இறந்தோரின் நினைவாகப் பெரும் பாறைகளை வட்டமாக நிறுத்தி, நடுவே இரும்புக் கருவிகளையும் கறுப்பு சிவப்பு மட்கலங்களையும் இட்டுப் புதைத்தனர். ரிவெட்-கார்னாக் என்பார் 1879-ஆம் ஆண்டிலேயே இவற்றைப் பற்றி எழுதினார். மாஹூர்ஜரியில் குதிரைக்கு அணிவித்த செப்பு அணிகளும், நாய்குண்டில் இரும்பு உருக்கிய உலையும் கிடைத்துள்ளன. இவை கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை.

நம் செங்கற்பட்டுப் பகுதியின் சாணூரிலும் இத்தகைய கல்வட்டங்களும் கறுப்பு சிவப்பு மட்கலங்களும் உண்டு. ஆதலின் "இங்கும் தமிழரே வாழ்ந்தனர்" என்று சிலர் முழங்கக் கூடும். நண்பர்களே, அவ்வாறு அவசரப்படுதல் வேண்டா. பானைக்கு மொழி இல்லை. இரு வட்டாரத்து மாந்தரும் இறந்தோரை ஒத்த முறையில் போற்றினர் என்னும் அளவே நாம் துணிந்து கூறத் தக்கது. கீழடிக்குத் தொலைவிலிருந்து கைதட்டிவிட்டு, அருகிலுள்ள ஜுனாபாணியைப் பாராமல் இருப்பதுதான் நமக்கு இழுக்கு. இம்மண்ணின் சோற்றை உண்ணும் நமக்கு இம்மண்ணின் பழமையிலும் கடமை உண்டு.

நகரம் வளர்கிறது; சாலையும் வீடும் பெருகுகின்றன. பாதுகாப்புப் பட்டியலில் ஏறாத கல்வட்டம், கல் வெட்டுவோர்க்கு வெறுங்கல்லே. ஆகவே தோண்டுவதற்கு முன்னால் கணக்கெடுப்பதே இவ்வட்டாரத்துக்கு வேண்டிய முதல் வேலை. எந்த ஊரில், எந்த வயலில், எத்தனை வட்டங்கள் என்பதை அவ்வூர்ப் பெரியவர்களைக் கேட்டே அறிய வேண்டும். மேட்டின் பெயரும், வயலின் வழக்குக் கதையும், உழும்போது கிளம்பிய ஓடும் அவர்கள் நினைவில் அன்றோ உள்ளன! மராத்தி மொழியில் அவர்களிடம் கனிவுடன் உரையாட நம் இளைஞர்களால் இயலும். அறிஞர்கள் வழிகாட்ட, மாணவர்கள் குறிப்பெடுக்க, ஊரார் காவலிருக்க, அரசாங்கம் பாதுகாக்க என்று பணியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்வேன். ஆர்வத்தால் யாரும் தாமே தோண்டலாகாது. ஓடொன்றையும் வீட்டுக்கு எடுத்து வரலாகாது. பார்சல் ஆபீசில் முகவரிச் சீட்டு கிழிந்த மூட்டை எங்கிருந்து வந்தது, யாருக்கு உரியது என்று எவர் சொல்ல வல்லார்? இருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்த பழம்பொருளும் அத்தன்மையதே. கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, தொல்லியல் துறைக்கு அறிவிப்பதே முறை. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம்.

எனவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஆண்டுதோறும் நாம் செல்லும் உல்லாசப் பயணத்தை இவ்வாண்டு ஜுனாபாணிக்கு வைத்துக்கொள்வோம். விவரமறிந்தவர் ஒருவரை உடன் அழைப்போம். நம் பிள்ளைகளுடன் மராத்திய அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிச் செல்வோம். பின்னர், துறையினர் இசைந்தால், சுற்றுவட்டார ஊர்களின் கணக்கெடுப்பில் நம் இளைஞர்கள் தொண்டு செய்யட்டும்.

பொன்னும் மணியும் அங்கே கிடைக்கா. ஆயினும், கல்லைக் கண்டால் "இது யார் வைத்தது?" என்று கேட்கும் பிள்ளைகள் நமக்குக் கிடைப்பர். அப்பிள்ளைகள் இருக்கும் ஊரில் பழஞ்செங்கல் மீண்டும் ஜல்லியாகாது.